விரலியில் பழுதா, மடிக்கணினியில் பழுதா?

இரவு மணி 9. நான்காம் படிவ மாணவி ஒருத்தி தன் மடிக்கணினியில் விரலியைச் செருகினாள். மறுநாள் வரலாற்றுப் பாடத்திற்கான இடுபணியை ஒப்படைக்க வேண்டும். ரப்பர்த் தோட்டத்தில் பல்லாண்டுகள் பால்மரம் வெட்டிய தன் பாட்டியை மூன்று மாதங்களுக்கு முன்பு அவள் நேர்காணல் செய்திருந்தாள். அது 42 நிமிட ஒலிப்பதிவு. கைப்பேசியில் இடம் போதாததால் பதிவை விரலிக்கு மாற்றிவிட்டுக் கைப்பேசியில் இருந்ததை அழித்துவிட்டாள். ஆகவே, அந்தப் பதிவு இருப்பது அந்த ஒரே விரலியில்தான். பாட்டிக்கு இப்போது அவ்வளவு நேரம் தொடர்ந்து பேச முடிவதில்லை. மறுபடியும் கேட்டுப் பதிவு செய்யலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

செருகியதும் விரலியின் முனையில் இருந்த சிறு விளக்கு மினுக்கியது. கணினியும் வழக்கம்போல ஒலி எழுப்பியது. ஆனால், திரையில் விரலிக்குரிய படம் தோன்றவே இல்லை. கழற்றினாள், மீண்டும் செருகினாள், ஊதிப் பார்த்துச் செருகினாள். மாற்றம் ஏதும் இல்லை.

"விரலி கெட்டுப்போய்விட்டதம்மா. நாளைக்கு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்," என்றார் அப்பா.

"இல்லையப்பா, கணினியில்தான் கோளாறு. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும்," என்றான் அண்ணன்.

இரண்டுமே ஊகங்கள். அப்பாவின் ஊகத்தைப் பின்பற்றியிருந்தால் பாட்டியின் குரல் குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும். அண்ணனின் ஊகத்தைப் பின்பற்றியிருந்தால் மடிக்கணினியில் உள்ள மற்ற கோப்புகளும் போயிருக்கும். பழுது எங்கே இருக்கிறது என்று அறிவதற்கு முன்பே பழுதுபார்க்கத் தொடங்குவதால் வரும் இழப்பு இது. பழுது வன்பொருளிலா, மென்பொருளிலா என்பதை வீட்டிலேயே, திருப்புளி கூட இல்லாமல், பெரும்பாலும் கண்டுபிடித்துவிட முடியும். அதற்கு முதலில் விரலியைச் செருகிய அந்த ஓரிரு விநாடிகளில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

விரலி, சுட்டெலி, விசைப்பலகை, அச்சுப்பொறி என எல்லாவற்றையும் இன்று ஒரே வகைச் செருகுவாயில் இணைக்கிறோம். செருகுவாயைப் பேச்சுவழக்கில் போர்ட் என்பர். முன்பு அப்படி இல்லை. அச்சுப்பொறிக்கு அகலமான ஒரு செருகுவாய், விசைப்பலகைக்கு வட்டமான வேறொன்று எனக் கணினியின் பின்புறம் பலவகைத் துளைகளால் நிறைந்திருக்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1994ஆம் ஆண்டில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம். உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் கைகோத்தன. இன்டெல் நிறுவனத்தில் அப்பணியில் முன்னின்றவர்களுள் ஒருவர், இந்தியாவில் பிறந்த பொறியாளர் அஜய் பட். 1996ஆம் ஆண்டு ஜனவரியில் யூ.எஸ்.பி. என்னும் பொதுத்தரம் வெளியானது. கணினியை நிறுத்தாமலே சாதனத்தைச் செருகலாம், கழற்றலாம் என்பது அதன் பெருஞ்சிறப்பு.

அந்தச் சிறப்பு எப்படிக் கைகூடுகிறது? பள்ளிக்குப் புதிதாக வரும் மாணவனை எண்ணிப் பார்க்கலாம். அவன் முதலில் வகுப்பறைக்குள் நுழைய வேண்டும். கையை உயர்த்தித் தான் வந்திருப்பதைத் தெரிவிக்க வேண்டும். ஆசிரியர் அவனுக்கு ஓர் எண்ணைக் கொடுத்து, பெயரும் விவரமும் கேட்க வேண்டும். அதன்பின் அவனுக்குரிய இருக்கை கிடைக்க வேண்டும். இவற்றுள் எது தடைப்பட்டாலும், "புதிய மாணவனைக் காணோம்" என்றுதான் மற்றவர்கள் சொல்வார்கள். ஆனால், அவன் வாசலிலேயே நிற்கிறானா, உள்ளே வந்தும் இருக்கை கிடைக்காமல் நிற்கிறானா என்பது வேறு வேறு சிக்கல்.

விரலியின் நிலையும் இதுவே. சாதாரண யூ.எஸ்.பி. முனைக்குள் எட்டிப் பார்த்தால் நான்கு பொன்னிறக் கோடுகள் தெரியும். ஓரத்தில் உள்ள இரண்டும் மின்சாரத்திற்கு. நடுவில் உள்ள இரண்டும் தரவுக்கு. உற்றுப் பார்த்தால் ஓரக் கோடுகள் நடுக்கோடுகளைவிடச் சற்று நீளமாக இருப்பதைக் காணலாம். செருகும்போது மின்சாரம் முதலில் சேர வேண்டும், தரவு பிறகு சேர வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆக, முதற்படி மின்சாரம். 5 வோல்ட் மின்னழுத்தம் விரலிக்குள் பாய்கிறது. அதன் சிறு விளக்கு எரிகிறது.

இரண்டாம் படியில், விரலி நடுக்கோடுகளுள் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. இதுதான் கையை உயர்த்துவது. கணினி அதைக் கவனித்து, 1 முதல் 127 வரையிலான எண்களுள் ஒன்றை அதற்கு ஒதுக்கி, "நீ யார்? உன்னைத் தயாரித்தவர் யார்? நீ சேமிப்புக் கருவியா, விசைப்பலகையா?" என்று கேட்கிறது. விரலி தன் விவரத்தை அனுப்புகிறது. இது மூன்றாம் படி. விவரம் கிடைத்ததும் இயங்குதளம் அதற்கேற்ற இயக்கியைத் தேடி எடுக்கிறது. இயக்கி, அதாவது டிரைவர், என்பது குறிப்பிட்ட வகைச் சாதனத்தோடு பேசத் தெரிந்த ஒரு சிறு மென்பொருள். இது நான்காம் படி. கடைசியாக, விரலிக்குள் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் முறையை இயங்குதளம் படித்து, அதற்கு 'இ', 'எஃப்' என்பன போன்ற ஆங்கில எழுத்தொன்றைச் சூட்டுகிறது. அப்போதுதான் திரையில் படம் தோன்றும்.

முதல் இரண்டு படிகளும் பெரும்பாலும் வன்பொருளைச் சார்ந்தவை. கடைசி இரண்டும் மென்பொருளைச் சார்ந்தவை. நடுவில் உள்ள மூன்றாம் படி இரண்டுக்கும் பொதுவான எல்லை. குழப்பம் அதிகம் விளைவதும் அங்கேதான். எனவே, கேட்க வேண்டிய கேள்வி "விரலி ஏன் தெரியவில்லை?" என்பதன்று, "விரலி எந்தப் படியில் நின்றுவிட்டது?" என்பதே.

இந்தக் கேள்வியோடு அந்த மாணவியின் விரலியைப் பார்ப்போம். விளக்கு மினுக்கியது, எனவே மின்சாரம் சேர்ந்திருக்கிறது. கணினி ஒலி எழுப்பியது. எனவே ஏதோ ஒன்று வந்திருப்பதைக் கணினி அறிந்திருக்கிறது. இவ்விரு தடயங்களும் முதல் நிமிடத்திலேயே அவள் கைக்குக் கிடைத்துவிட்டன. அப்பா சொன்னதுபோல் விரலி முற்றாகச் செத்துப்போயிருந்தால் இவை கிடைத்திருக்க மாட்டா.

ஆனால், தடயம் வேறு, முடிவு வேறு. முடிவுக்கு வரச் சோதனை வேண்டும். இதில் தொழில்நுட்பர்கள் கைக்கொள்ளும் முறை மிக எளியது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். விரலியையும் மாற்றி, செருகுவாயையும் மாற்றி, கணினியையும் மறுதொடக்கம் செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்தாலும் தீரலாம். ஆனால், எதனால் தீர்ந்தது என்று தெரியாது. அடுத்த வாரம் அதே சிக்கல் திரும்பி வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

முதல் மாற்றம் செருகுவாய். அதே விரலியை அதே கணினியின் வேறொரு செருகுவாயில் செருகிப் பார்க்க வேண்டும். மேசைக்கணினியாக இருந்தால் முன்புறச் செருகுவாயை விட்டுவிட்டுப் பின்புறத்தில் செருகுவது நல்லது. பின்புறச் செருகுவாய்கள் கணினியின் தாய்ப்பலகையிலேயே நேராகப் பொருத்தப்பட்டவை. முன்புறத்தில் உள்ளவை பெட்டிக்குள் ஓடும் ஒரு கேபிளின் வழியாகத் தாய்ப்பலகையோடு இணைகின்றன. அந்தக் கேபிள் தளர்ந்திருந்தாலே போதும், முன்புறம் முழுவதும் வேலை செய்யாது. ஒரே யூ.எஸ்.பி. செருகுவாயைப் பலவாகப் பிரித்துத் தரும் பெருக்கி இடையில் இருந்தால் அதையும் அகற்றிவிட வேண்டும். தனி மின்னிணைப்பு இல்லாத பெருக்கி, தனக்குக் கிடைக்கும் சிறிதளவு மின்சாரத்தையே எல்லாச் சாதனங்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. பங்கு போதாத சாதனம் மயங்கிக் கிடக்கும். அதைப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாம் மாற்றம் சாதனம். சந்தேகத்திற்குரிய செருகுவாயில் நன்றாக வேலை செய்யும் வேறொரு சாதனத்தைச் செருக வேண்டும். பலரும் இதற்குச் சுட்டெலியைப் பயன்படுத்துவார்கள். சுட்டெலி நகர்ந்தால், "செருகுவாய் நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சுட்டெலிக்குத் தேவைப்படும் மின்சாரம் மிகக் குறைவு. அது அனுப்பும் தரவும் மிகக் குறைவு. பழைய யூ.எஸ்.பி. தரத்தில் ஒரு செருகுவாய் 500 மில்லி ஆம்பியர் வரை மின்சாரம் தர வேண்டும். 2008இல் வெளியான யூ.எஸ்.பி. 3.0 தரத்தில் 900 மில்லி ஆம்பியர் வரை. மேலும், 3.0 தரச் செருகுவாயில் பழைய நான்கு தொடுமுனைகளுக்கு அப்பால் இன்னும் ஐந்து தொடுமுனைகள் உள்ளன. சுட்டெலி அவற்றைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே, சுட்டெலி வேலை செய்வது செருகுவாய்க்குப் பாதிச் சான்றிதழ்தான். முழுச் சான்றிதழ் வேண்டுமானால் இன்னொரு விரலியையே செருகிப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் மாற்றம் கணினி. விரலியை வேறொரு கணினியில் செருகிப் பார்ப்பது. மூன்றனுள் அதிகம் பேசுவது இந்தச் சோதனைதான். அங்கே திறந்துவிட்டால் விரலியின் வன்பொருள்மீது இருந்த ஐயம் பெரும்பாலும் நீங்கிவிடும். இரண்டு மூன்று கணினிகளிலும் திறக்காவிட்டால், அத்தனை கணினிகளிலும் ஒரே மென்பொருள் கோளாறு இருப்பது அரிது. விரலிதான் காரணம் என்று துணியலாம். ஒரு சிறு எச்சரிக்கை: பள்ளிக் கணினிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் நச்சுநிரல் பரவாமல் இருக்க, விரலிகளை ஏற்காதவாறு நிர்வாகமே தடை செய்து வைத்திருப்பதுண்டு. அங்கே விரலி தெரியாமல் போவது கோளாறன்று, கட்டளை.

அந்த மாணவியின் வகுப்புத்தோழன் ஒருவனுக்கும் ஏறக்குறைய இதே புகார்தான்: "என் விரலி தெரியவில்லை." ஆனால், அவனுடைய விரலி சொன்ன கதை வேறு. செருகினால் விளக்கு எரியாது. விரலால் சற்று மேல்நோக்கி அழுத்திப் பிடித்தால் எரியும்; கையை எடுத்தால் அணைந்துவிடும். கணினி இணைப்பு ஒலியையும் துண்டிப்பு ஒலியையும் மாறி மாறி எழுப்பும். எந்தக் கணினியில் செருகினாலும் இதே கூத்து. மடிக்கணினியில் செருகியபடியே பையில் வைத்ததில் முனை வளைந்து, அது சுற்றுப்பலகையோடு சேரும் இடத்தில் ஈயப்பற்று விரிசல் கண்டிருந்தது. அசைத்தால் வரும், விட்டால் போகும் என்ற குணம் மென்பொருளுக்குக் கிடையாது. இயக்கியை ஆயிரம் முறை புதுப்பித்தாலும் அறுந்த ஈயம் ஒட்டப்போவதில்லை.

அவனுடைய விரலியிலும் நம்பிக்கைக்கு இடம் இருந்தது. விரலிக்குள் இரண்டு முக்கியச் சில்லுகள் உள்ளன. ஒன்று, கோப்புகளைத் தாங்கும் நினைவகச் சில்லு. மற்றொன்று, அதை நிர்வகித்துக் கணினியோடு பேசும் கட்டுப்பாட்டுச் சில்லு. விரலியின் வரலாற்றில் நம் வட்டாரத்திற்கும் பங்குண்டு. சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் விரலியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. சிலாங்கூர் செக்கிஞ்சானைச் சேர்ந்த புவா கெய்ன் செங், தைவானில் படித்து, நண்பர்களோடு சேர்ந்து அங்கேயே ஃபைசன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, விரலிக்கான கட்டுப்பாட்டுச் சில்லுகளை உருவாக்கினார். முதலில் செய்தவர் யார் என்பதில் பல நாட்டினரும் உரிமை கொண்டாடுகின்றனர். அந்த வழக்கு இங்கே வேண்டாம். இங்கே முக்கியமானது இதுதான்: முனை உடைந்தாலும் சில்லுகள் நலமாக இருந்தால் கோப்புகளும் நலமாகவே இருக்கும். கைதேர்ந்த பழுதுபார்ப்பவர் விரிசலை மீண்டும் பற்றவைத்துக் கோப்புகளை வெளியே எடுத்துவிடுவார். தானே பற்றவைக்க முயல்வதும், அழுத்திப் பிடித்துக்கொண்டே நகலெடுக்க முயல்வதும் இருப்பதையும் கெடுக்கும். ஏனெனில், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் விட்டுவிட்டு வந்தால் கோப்புகளின் அடுக்குமுறையே சிதைந்துவிடும்.

கண்ணுக்கும் மூக்குக்கும் கைக்கும் தெரியும் தடயங்களை இளக்காரமாக எண்ணக் கூடாது. செருகிய சில விநாடிகளிலேயே விரலி தொட முடியாத அளவு சுட்டால், தீய்ந்த வாடை வந்தால், உடனே கழற்றிவிட வேண்டும். அது வன்பொருள் பழுது. அதை மறுபடியும் வேறு கணினியில் செருகிச் சோதிப்பது அந்தக் கணினியையும் ஆபத்துக்கு உள்ளாக்கும். கைவிளக்கைக் கொண்டு செருகுவாய்க்குள் பார்த்தால் பையிலிருந்து சேர்ந்த பஞ்சுத் துகளோ, வளைந்த தொடுமுனையோ, பச்சை படிந்த களிம்போ தெரியக்கூடும். காற்றில் ஈரம் மிகுந்த நம் நாட்டில் களிம்பு ஏறுவது புதிதன்று. ஊதுவதால் பயனில்லை, வாயின் ஈரம் உள்ளே போவதுதான் மிச்சம்.

கைப்பேசியைக் கணினியோடு இணைக்கும்போது வரும் சிக்கல் இன்னும் சுவையானது. கைப்பேசியில் மின்னேற்றம் நடக்கிறது. ஆனால், கணினியில் அது தெரிவதில்லை. அந்த நான்கு கோடுகளை நினைவில் கொண்டால் காரணம் விளங்கும். மலிவான சில கேபிள்களில் மின்சாரத்திற்கான இரண்டு கம்பிகள் மட்டுமே உண்டு. தரவுக் கம்பிகளே கிடையா. அதை எத்தனை முறை செருகினாலும் படங்களை மாற்ற முடியாது. ஆனால், இதே அறிகுறிக்கு மென்பொருள் காரணமும் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பெரும்பாலானவை பாதுகாப்புக்காக, இணைத்தவுடன் மின்னேற்றம் மட்டுமே செய்யும். கைப்பேசியின் பூட்டைத் திறந்து, அறிவிப்புப் பகுதியில் "கோப்புப் பரிமாற்றம்" என்பதைத் தெரிவு செய்த பிறகே கணினியோடு பேசும். ஒரே அறிகுறி, இரண்டு காரணங்கள். செலவில்லாத சோதனையை முதலில் செய்வது நல்லது: முதலில் அமைப்பைப் பார்ப்பது, பிறகு கேபிளை மாற்றுவது.

இனி, மென்பொருள் பக்கம். விண்டோஸ் கணினியில் தொடக்கப் பொத்தானை வலச்சொடுக்கினால் வரும் பட்டியலில் "டிவைஸ் மேனேஜர்" இருக்கும். கணினியோடு இணைந்துள்ள எல்லாச் சாதனங்களின் பெயர்களும் அங்கே உண்டு. அந்தச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு விரலியைச் செருகிக் கழற்றிப் பார்க்க வேண்டும். பட்டியல் ஒருமுறை அசைந்து புதிய பெயர் தோன்றினால் விரலி மூன்றாம் படியைத் தொட்டுவிட்டது என்று பொருள். பட்டியல் அசையவே இல்லையென்றால் கணினிக்கு விரலி வந்ததே தெரியவில்லை. வன்பொருள் பக்கம் திரும்பிப் போக வேண்டும்.

பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணத்திற்குள் வியப்புக்குறி இருந்தால் அதை இருமுறை சொடுக்கி, உள்ளே வரும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். 28 என்றால் இயக்கி நிறுவப்படவில்லை. இது தெளிவான மென்பொருள் சிக்கல். 22 என்றால் யாரோ அந்தச் சாதனத்தை முடக்கி வைத்திருக்கிறார்கள். மீண்டும் இயக்கினால் போதும். 43 என்பதுதான் தொல்லை. சாதனம் கோளாறு தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்பது அதன் பொருள். "அறியப்படாத யூ.எஸ்.பி. சாதனம், விவரம் கேட்டும் கிடைக்கவில்லை" என்ற செய்தியும் பல வேளைகளில் இதனுடன் சேர்ந்து வரும். முன்னர்ச் சொன்ன எல்லைப் படி இதுதான். தரவுக் கோடு சரியாகத் தொடாததாலும் வரலாம்; கட்டுப்பாட்டுச் சில்லு கெட்டதாலும் வரலாம்; கணினியின் இயக்கி தடுமாறியதாலும் வரலாம். எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வேறு கணினியில் செருகிப் பார்க்கும் மூன்றாம் சோதனைதான் தீர்ப்புச் சொல்லும்.

கணினியின்மீதே ஐயம் விழுந்தால், அதன் இயங்குதளத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. கணினியை இயக்கியவுடன், விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே, அடிப்படை அமைப்புகளுக்கான பயோஸ் என்னும் திரைக்குள் நுழையலாம். அங்கே விண்டோஸும் இல்லை, அதன் இயக்கிகளும் இல்லை. யூ.எஸ்.பி. விசைப்பலகை ஒன்றைச் சந்தேகத்திற்குரிய செருகுவாயில் செருகி அம்புக்குறி விசைகளை அழுத்திப் பார்க்க வேண்டும். அங்கே வேலை செய்துவிட்டு விண்டோஸில் மட்டும் வேலை செய்யாவிட்டால் குற்றவாளி மென்பொருள். பயோஸிலும் வேலை செய்யாமல், அதே விசைப்பலகை வேறு செருகுவாயில் வேலை செய்தால் செருகுவாயின் வன்பொருள்மீது ஐயம் வலுக்கிறது. பார்க்கலாமே தவிர, அந்தத் திரையில் எதையும் மாற்றிச் சேமித்துவிடக் கூடாது.

மென்பொருள்தான் என்று தெரிந்துவிட்டால், செய்ய வேண்டியவை எளியவை. முதலில் மறுதொடக்கம். கணினியை மூடித் திறப்பதும் மறுதொடக்கம் செய்வதும் ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள். அண்மைக்கால விண்டோஸில், விரைவுத் தொடக்கம் என்னும் அமைப்பு இயங்கும்போது, மூடும் கணினி தன் உள்நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொண்டு, திறக்கும்போது அதையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. தடுமாறிய இயக்கியும் தடுமாற்றத்தோடே திரும்பி வரலாம். "ரீஸ்டார்ட்" கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதிலும் சரியாகாவிட்டால், டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் பதிவை நீக்கிவிட்டு விரலியைக் கழற்றி மீண்டும் செருகலாம். கணினி அதைப் புதிதாகப் பார்ப்பதுபோலவே வரவேற்று இயக்கியை மறுபடியும் நிறுவிக்கொள்ளும். இதனால் விரலிக்குள் இருக்கும் கோப்புகளுக்கு ஆபத்தில்லை. நீங்குவது கணினியில் உள்ள பதிவு மட்டுமே. சற்று நேரம் பயன்படுத்தாமல் இருந்தால் மட்டும் சாதனம் மறைந்துபோகிறது என்றால், மின்சாரத்தைச் சேமிக்கக் கணினியே அதை உறங்க வைக்கிறதா என்று மின்சார அமைப்புகளில் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது ஒரு சிறிய செய்தி. விரலி நான்கு படிகளையும் கடந்து வந்து, ஐந்தாம் படியில், கோப்புகளின் அடுக்குமுறையைக் கணினியால் படிக்க முடியாதபோது, "இதைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யலாமா?" என்று விண்டோஸ் பணிவோடு கேட்கும். பதற்றத்தில் பலர் "ஆம்" என்று அழுத்திவிடுகிறார்கள். ஃபார்மட் என்பது பழுதுபார்ப்பு அன்று. பழைய அடுக்கை விட்டுவிட்டுப் புதிய வெற்று அடுக்கை அமைப்பது. உள்ளே கோப்புகள் தேவையில்லை என்றால் அழுத்தலாம். தேவை என்றால் "வேண்டாம்" என்று சொல்லி, விரலியைக் கழற்றி வைத்து, வேறு கணினியில் பார்க்க வேண்டும். அங்கும் அதே செய்தி வந்தால் கோப்பு மீட்பு மென்பொருளையோ, பயிற்சி பெற்றவரையோ நாட வேண்டும். அதுவரை அந்த விரலியில் ஓர் எழுத்துகூடப் புதிதாக எழுதக் கூடாது. புதிதாக எழுதப்படும் ஒவ்வொன்றும் பழைய கோப்பின்மேல் போய் விழக்கூடும். விரலி திறக்கிறது, ஆனால் கோப்புகளுக்குப் பதிலாகக் குறுவழிச் சின்னங்களே தெரிகின்றன என்றால் அது பெரும்பாலும் நச்சுநிரலின் வேலை. கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. சின்னங்களைச் சொடுக்காமல் முதலில் நச்சுநிரல் தடுப்பு மென்பொருளை ஓட விட வேண்டும்.

அந்த மாணவி அன்றிரவு மூன்று மாற்றங்களையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். வேறு செருகுவாயிலும் விரலி தெரியவில்லை. அண்ணனின் பழைய விரலியை அதே செருகுவாயில் செருகினாள், உடனே திறந்தது. ஆகவே, செருகுவாய்மீது குற்றமில்லை. பிறகு தன் விரலியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவின் கணினிக்குப் போனாள். அங்கே அது ஒரு சிணுக்கமும் இல்லாமல் திறந்தது. அவள் வேறெதையும் செய்வதற்கு முன் பாட்டியின் ஒலிப்பதிவை அந்தக் கணினியில் ஒரு நகலும், இணையச் சேமிப்பகத்தில் ஒரு நகலும் எடுத்தாள். பழுதைத் தேடும் வேலை அதன்பிறகுதான் தொடர்ந்தது.

விரலியும் நலம், செருகுவாயும் நலம். இரண்டும் சேர்ந்தால் மட்டும் சிக்கல். அப்படியானால், அந்த மடிக்கணினி அந்த ஒரு விரலியைப் பற்றி வைத்திருக்கும் குறிப்பில் ஏதோ பிழை இருக்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் விரலியின் பெயர் மஞ்சள் குறியில்லாமல் இருந்தது. எனவே, நான்காம் படிவரை தடையில்லை. "டிஸ்க் மேனேஜ்மென்ட்" என்னும் பகுதியைத் திறந்தாள். அங்கே விரலி முழு அளவோடு நலமாக இருந்தது. ஆனால், அதற்கு எழுத்து இல்லை. இருக்கை கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தது.

எழுத்து எங்கே போனது? கடந்த வாரம் அண்ணன் வன்தட்டைப் பகுதி பிரிக்க ஒரு மென்பொருளை நிறுவி, அங்கும் இங்கும் சொடுக்கிப் பார்த்திருந்தான். அந்த நேரத்தில் தங்கையின் விரலியும் செருகப்பட்டிருந்தது. வன்தட்டின் பகுதி என்று நினைத்து அவன் நீக்கிய எழுத்து விரலியினுடையது. அந்த நீக்கத்தைக் கணினி நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அந்த விரலிக்கு மட்டும் எழுத்துச் சூட்ட மறுத்திருக்கிறது. மாணவி விரலியின் பகுதியை வலச்சொடுக்கி, எழுத்தை மாற்றுவதற்கான கட்டளையைத் தெரிவு செய்து, 'ஜி' என்ற எழுத்தைக் கொடுத்தாள். திரையில் படம் தோன்றியது. செலவு ஒரு வெள்ளிகூட இல்லை.

"விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தாலும் சரியாகியிருக்கும்," என்றான் அண்ணன், சற்றுத் தாழ்ந்த குரலில்.

அவள் பதில் சொல்லவில்லை. ஒலிப்பதிவைத் திறந்து, இடுபணிக்கு வேண்டிய பகுதியைத் தேடத் தொடங்கியிருந்தாள். விடியற்காலையில் நெற்றிவிளக்கோடு மரம் வெட்டப் போன நாள்களைப் பற்றிப் பாட்டி சொல்லிக்கொண்டிருந்தார்.